ஏரிக்கரை வீடு, 25 சதவீதக் கணக்கு: படகு நிறுத்த இடம் போட முடியுமா, முடியாதா?

கரையோரன்:
மினசோட்டாவில் ஏரிக்கரையில் வீடு வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள். மினியாபொலிஸுக்கு மேற்கே ஒரு ஏரியை ஒட்டி வீடு வாங்கியிருக்கிறோம். மனை 80 அடி அகலம், 200 அடி நீளம், ஆக 16,000 சதுர அடி. பின்பக்கம் ஏரியைப் பார்த்தபடி 16-க்கு 20 அடியில் கல் பாவிய பேட்டியோ ஒன்று, கராஜை ஒட்டிப் படகையும் ட்ரெய்லரையும் நிறுத்த 12-க்கு 30 அடியில் கான்கிரீட் தளம் ஒன்று, இவ்வளவுதான் ஆசை. நகராட்சியில் போய்க் கேட்டால், உங்கள் மனையில் ஏற்கெனவே 3,750 சதுர அடி இம்பெர்வியஸ் இருக்கிறது, மனையில் 25 சதவீதத்துக்கு மேல் அது போகக் கூடாது, 25 சதவீதம் என்றால் 4,000, மிச்சம் 250 சதுர அடிதான் என்கிறார்கள். இம்பெர்வியஸ் என்றால் மழைத் தண்ணீரை மண்ணுக்குள் இறங்க விடாத எதுவும், கூரை, கான்கிரீட், தார் எல்லாம் அதில் சேர்த்தி என்று ஒரு தாளையும் கொடுத்தார்கள். என் நிலம், கடனும் வரியும் நான் கட்டுகிறேன். அது போகட்டும், பக்கத்து மனையில் முக்கால்வாசி வீடும் டிரைவ்வேயுமாகத்தான் இருக்கிறது, அவருக்கு மட்டும் எப்படி விட்டார்கள்?

செயின்ட்பால் செந்தில்:
உங்கள் வயிற்றெரிச்சல் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஏரி முகப்பு என்று சொல்லித்தான் விலையை ஏற்றுகிறார்கள், அதையே சொல்லித்தான் வரியையும் ஏற்றுகிறார்கள், கடைசியில் அந்த முகப்பில் நாற்காலி போட்டு உட்காரத் தளம் கேட்டால் மட்டும் சட்டப் புத்தகம் வெளியே வருகிறது. நீங்கள் கேட்பது 680 சதுர அடி. அதனால் ஒரு ஏரி செத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவா முடிகிறது?

வடிகால் வாணி:
மழைநீர் வடிகால் வடிவமைப்பில் வேலை பார்க்கிறேன், அதனால் அனுமதி கேட்பவர்கள் பக்கமும் கொடுப்பவர்கள் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். 25 சதவீதம் உங்கள் நகராட்சி தன்னிஷ்டத்துக்குப் போட்ட எண் இல்லை. மினசோட்டாவில் கரைநிலச் சட்டம் 1969-இல் வந்தது, இப்போதைய விதிகளின் அடித்தளம் 1989-இல் செய்த திருத்தம். ஏரியிலிருந்து 1,000 அடி, ஆற்றிலிருந்து 300 அடி (வெள்ளச் சமவெளி அதைவிட அகலமாக இருந்தால் அதுவரை), அதற்குள் இருக்கும் நிலம் எல்லாம் கரைநிலம். மாநிலம் போட்டிருப்பது குறைந்தபட்சக் கோடு. நகராட்சியும் கவுண்டியும் (மாவட்டம் மாதிரி) அதைவிட இறுக்கிக்கொள்ளலாம், ஆனால் தளர்த்த வேண்டுமென்றால் மாநில இயற்கை வளத்துறை ஒப்புக்கொள்ள வேண்டும்.

செந்தில் கேட்டதற்கு வருகிறேன். 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குலம் மழை பெய்தால் 623 கேலன் தண்ணீர். 680 சதுர அடிக்கு 420 கேலனுக்குக் கொஞ்சம் மேல். ஒரு வீட்டுக்கு இது ஒன்றுமே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 80 அடி மனையாக ஒரு மைல் கரையை வெட்டினால் 66 வீடு வரும், அந்த 66 பேரும் ஆளுக்கு 680 சதுர அடி மூடினால் 44,880 சதுர அடி, அதாவது ஒரு ஏக்கருக்கும் மேலே கான்கிரீட், அதுவும் தண்ணீர் விளிம்பிலிருந்து கல்லெறி தூரத்தில். உங்களுக்கு 680 கொடுத்துவிட்டு மற்ற 65 பேருக்கு என்ன சொல்வது என்பதுதான் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருடைய தலைவலி.

பக்கத்து வீட்டைப் பற்றி: விதி வருவதற்கு முன்னால் சட்டப்படி கட்டியதாக இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், பழுது பார்க்கலாம், பொதுவாக அதே அளவில் மாற்றியும் கட்டலாம், பெரிதாக்க முடியாது. அவரும் நாளைக்கு ஒரு கொட்டகை போடப் போனால் உங்களைவிடப் பாடுபடுவார்.

கரையோரன்:
சரி, காரணம் புரிகிறது, மனசுதான் கேட்கவில்லை. அப்படியானால் கான்கிரீட்டுக்குப் பதில் சரளைக்கல் கொட்டிவிட்டால்? அதில் தண்ணீர் இறங்கத்தானே செய்யும்? இடைவெளி விட்டுப் பலகை அடித்த டெக் என்றால்? தண்ணீர் உறிஞ்சும் பேவர் என்று தளக்கல் விற்கிறார்களே, அது?

தூண்டில்காரர்:
சரளை வேண்டாம் நண்பரே. என் மைத்துனர் அதைத்தான் போட்டார், அதையும் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

வடிகால் வாணி:
சரளைக்கல் டிரைவ்வே பெரும்பாலான ஊர்களில் இம்பெர்வியஸ்தான். கொட்டிய அன்றைக்குத் தண்ணீர் இறங்கும், உண்மை. அதன் மேல் இரண்டு டன் வண்டி வருஷக்கணக்கில் ஏறி இறங்கினால் கல்லும் மண்தூளும் சேர்ந்து இறுகிவிடும். மழை பெய்கிறபோது போய்ப் பாருங்கள், டயர் தடத்தில் பழுப்புத் தண்ணீர் நெளிந்து ஓடும்.

டெக் ஊருக்கு ஊர் மாறும். பலகைகளுக்கு இடையில் இடைவெளி இருந்து, அடியில் வெறும் மண்ணாக இருந்தால் சில இடங்களில் விட்டுவிடுவார்கள், களை வராமல் இருக்க அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்துவிட்டால் அது அப்படியே கணக்கில் ஏறும். இங்கேதான் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று இருக்கிறது: வீட்டுச் சுவரை ஒட்டி அலங்காரத்துக்குக் கூழாங்கல் போட்டிருப்பார்கள், கல்லை நாலு விரல் தோண்டிப் பாருங்கள், கறுப்பு பிளாஸ்டிக் கையில் மாட்டும். அந்தப் பட்டை முழுவதும் இம்பெர்வியஸ். அதை உருவிவிட்டு நெய்த துணி மாதிரி தண்ணீர் விடும் விரிப்புப் போட்டால் பல ஊர்களில் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள்.

பேவர் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமை. சில நகராட்சிகள் பாதி மதிப்புக் கொடுக்கின்றன, சில முழுதாகவே கான்கிரீட் போலவே கணக்கிடுகின்றன. காரணம் பேவரில் இல்லை, பராமரிப்பில். அதன் இணைப்புகளில் தூசியும் இலைச்சருகும் அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது வாக்குவம் போட்டு உறிஞ்ச வேண்டும், குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்க மணலைக் கொட்டினால் அத்தோடு கதை முடிந்தது. முதல் உரிமையாளர் செய்வார். அவரிடமிருந்து வாங்குகிறவர் செய்வாரா?

மேடிசன் மணி:
விஸ்கான்சினிலிருந்து எழுதுகிறேன். 25 சதவீதம் கிடைக்கிறதே என்று சந்தோஷப்படுங்கள் கரையோரன். இங்கே மாநில விதியின் பெயர் என்ஆர் 115, கவுண்டிகளின் கீழ் வரும், நகராட்சிக்குள் சேராத பகுதிகளுக்கு அதுதான் வேதம். கரையிலிருந்து 300 அடிக்குள் இருக்கும் மனைக்கு 15 சதவீதம். உங்கள் 16,000 சதுர அடிக்கு 2,400தான் வரும், வீடும் கராஜும் அதிலேயே முடிந்துவிடும். அதற்கு மேல் 30 சதவீதம் வரைக்கும் போகலாம், ஆனால் அதற்கு ஈடாகக் கரையில் செடி நட்டுத் தருகிறேன், மழைத் தோட்டம் (மழைநீர் தேங்கி இறங்கும் செடிப் பள்ளம்) போடுகிறேன் என்று ஒரு ஈட்டுத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும், அதைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிவும் செய்ய வேண்டும். ஏற்கெனவே நெருக்கமாகக் கட்டிவிட்ட கரைகளுக்கு மட்டும் வீட்டுமனை என்றால் 30, ஈட்டுத் திட்டத்தோடு 40 என்று கவுண்டி வைத்துக்கொள்ள வழி உண்டு.

ஒரு நல்ல அம்சமும் இருக்கிறது. கூரைத் தண்ணீரை மழைத் தோட்டத்துக்கோ, தேங்கி மண்ணில் இறங்கிவிடும் பள்ளத்துக்கோ முழுதாகத் திருப்பிவிட்டு அதைக் காட்டிவிட்டால், அந்தக் கூரைப் பரப்பைக் கணக்கிலிருந்தே விட்டுவிடுவார்கள். வாணி சொல்வதும் அதுதானே, தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் பேச்சு.

செயின்ட்பால் செந்தில்:
அப்படியானால் விதியையும் அப்படியே எழுதித் தொலைக்கலாமே! தண்ணீரை உன் மனைக்குள்ளேயே வைத்துக்கொள், எப்படி வைத்துக்கொள்கிறாய் என்பது உன் பாடு என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். சதவீதம் என்று ஒரு எண்ணை வைத்தால், ஏரியிலிருந்து 180 அடி தள்ளித் தெருப்பக்கம் இருக்கிற கான்கிரீட்டும் தண்ணீர் விளிம்பில் இருக்கிற கான்கிரீட்டும் ஒன்றாகிவிடுகிறது, இது என்ன நியாயம்?

அப்புறம் இன்னொன்று. நவம்பரிலிருந்து மார்ச் வரை இங்கே மண்ணே கல்லாக உறைந்து கிடக்கிறது, அப்போது என் புல்வெளியும் உங்கள் கணக்குப்படி இம்பெர்வியஸ் ஆகிவிடாதா? ஏரியில் பாசியை வளர்க்கும் பாஸ்பரஸில் பெரும்பங்கு வயலிலிருந்து வருகிறது, விவசாயியை ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்காரன் பேட்டியோவை ஏன் பிடித்துத் தொங்குகிறார்கள்?

மேடிசன் மணி:
உறைந்த மண் இதில் சேராது என்று என்ஆர் 115-இல் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள், யாரோ ஒரு செந்தில் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

தூண்டில்காரர்:
விவசாயியை ஒன்றும் சொல்லவில்லை என்பது சரியில்லை. மினசோட்டாவில் 2015-இல் கரைப்பட்டைச் சட்டம் வந்தது, பொது நீர்நிலையை ஒட்டிய வயல் என்றால் சராசரியாக 50 அடி அகலத்துக்குப் புல்லோ செடியோ நிரந்தரமாக விட வேண்டும், பொது வடிகால் வாய்க்கால் என்றால் பதினாறரை அடி. அதைப் போட்டபோது விவசாயிகள் செய்த சண்டையைப் பார்த்திருந்தால் இப்படிச் சொல்ல மாட்டீர்கள். வீட்டுக்காரர்களுக்கும் அதற்கு முன்பே ஒன்று வந்தது: புல்வெளிக்குப் பாஸ்பரஸ் உரம் போடத் தடை, 2005 முதல் மாநிலம் முழுவதும். புதுப் புல் விதைக்கும்போதும், மண் பரிசோதனையில் பற்றாக்குறை என்று வந்தாலும் மட்டும் போடலாம்.

நான் மீன் பிடிக்கிறவன், எனக்குச் சதவீதக் கணக்கெல்லாம் வராது. ஒரு பவுண்டு பாஸ்பரஸ் ஏரியில் இறங்கினால் 500 பவுண்டு வரை பாசி வளரும் என்பார்கள், அது வெறும் எண்ணாக இருந்தவரை எனக்கும் உறைக்கவில்லை. ஜூலை கடைசியில், பெரிய மழை பெய்து நாலைந்து நாள் வெயில் அடித்த பிறகு, காற்று ஒதுக்கும் பக்கத்துக் கரையில் போய் நில்லுங்கள். பச்சை பெயின்ட்டைக் கொட்டிக் கலக்கிய மாதிரி ஒரு படலம், துடுப்பை விட்டு எடுத்தால் துடுப்பில் ஒட்டிக்கொண்டு வரும், நாற்றம் மூக்கை அடைக்கும். நீலப்பச்சைப் பாசி. நாயை அந்தத் தண்ணீரில் விடாதீர்கள், குடித்து நாய்கள் செத்திருக்கின்றன. அந்த வாரம் ஏரிக்கரை வீடு வைத்திருந்து என்ன, பேட்டியோவில் உட்கார்ந்து என்ன.

ஆஸ்டின் அருள்:
தலையிடுவதற்கு மன்னிக்கவும், இது ஏரிக்கரைக்காரர்களின் தலைவிதி மட்டும் என்று நினைக்காதீர்கள். டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் பார்ட்டன் ஊற்றைக் காப்பாற்ற 1992-இல் மக்களே ஓட்டுப் போட்டு ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஊற்றுக்கு நேரடியாக நீர் இறங்கும் சுண்ணாம்புக்கல் பகுதியில் 15 சதவீதம், பார்ட்டன் ஓடைக்கு நீர் தரும் மேற்பகுதியில் 20, மற்ற ஓடைகளின் மேற்பகுதியில் 25. இங்கே கரையே கிடையாது, ஊற்றிலிருந்து பல மைல் தள்ளி இருக்கும் வீட்டுக்கும் அதே கணக்கு. மனை வாங்கி மூன்று வண்டி கராஜ் கனவோடு வரும் நம் ஆட்கள் இதைக் கேட்டு முழிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

வடிகால் வாணி:
சதவீதத்தைப் பற்றிச் செந்தில் கேட்ட கேள்வி நல்ல கேள்வி, அதைத் தாண்டிப் போக வேண்டாம். சதவீதம் ஒரு மொண்ணைக் கத்திதான். இறுகிப்போன புல்வெளியிலிருந்தும் தண்ணீர் ஓடத்தான் செய்கிறது, அதற்குக் கணக்கில் பூஜ்யம். தண்ணீர் விளிம்பு வரைக்கும் ஒட்ட வெட்டிய புல், மனையில் வெறும் 18 சதவீதம் கட்டடம், இப்படி ஒரு வீட்டையும், 28 சதவீதம் கட்டடம், கரையில் 30 அடிக்கு இடுப்பளவு நாட்டுச் செடி, கூரைத் தண்ணீர் முழுவதும் மழைத் தோட்டத்துக்கு, இப்படி ஒரு வீட்டையும் காட்டி எதிலிருந்து ஏரிக்குக் கெடுதல் குறைவு என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் காட்டுவேன். விதிப்படி குற்றவாளி அவர்தான்.

ஆனால் மொண்ணைக் கத்தியை ஏன் வைத்திருக்கிறார்கள் என்றால், அதை யாரும் வான்படத்தைப் பார்த்தே அளந்துவிடலாம். மழைத் தோட்டம் இன்னும் வேலை செய்கிறதா, பேவரை யாராவது உறிஞ்சினார்களா என்று வருஷா வருஷம் வீடு வீடாகப் போய்ப் பார்க்க எந்தச் சின்ன ஊரிடம் ஆள் இருக்கிறது? ஒருவரே கட்டட அனுமதியும் பார்த்து, நாய் உரிமமும் கொடுத்து, கூட்டத்துக்குக் குறிப்பும் எழுதும் ஊர்கள் இருக்கின்றன.

மழைத் தோட்டம் வேலை செய்யும் என்பதில் சந்தேகம் வேண்டாம். மினசோட்டாவிலேயே பர்ன்ஸ்வில்லில் கிரிஸ்டல் ஏரிக்குத் தண்ணீர் போகும் ஒரு தெருவில் 2003 வாக்கில் 17 வீடுகளில் போட்டுப் பார்த்தார்கள், அப்படிப் போடாத இன்னொரு தெருவோடு ஒப்பிட்டு அளந்தபோது ஓடிவரும் தண்ணீர் சுமார் 90 சதவீதம் குறைந்திருந்தது. அரை அடி ஆழப் பள்ளம், வீட்டு அஸ்திவாரத்திலிருந்து 10 அடியாவது தள்ளி, நின்ற தண்ணீர் இரண்டு நாளுக்குள் இறங்கிவிட வேண்டும், இறங்காவிட்டால் அது கொசுத் தொட்டி. அவ்வளவுதான் சூத்திரம்.

வீட்டுத்தரகர் விஜி:
வாங்கும்போதே கேட்க வேண்டியதை வாங்கிய பிறகு கேட்டால் எல்லாம் கசப்பாகத்தான் இருக்கும். இது கரையோரனுக்கு இல்லை, இனிமேல் வாங்கப்போகிறவர்களுக்கு. கரைநில மனை என்றால் விலை பேசுவதற்கு முன்னால் கடைசி சர்வேயைக் கேளுங்கள், அதில் இம்பெர்வியஸ் கணக்கு ஒரு மூலையில் அட்டவணையாக இருக்கும். விளம்பரத்தில் போட்டிருக்கும் மனை அளவை நம்பாதீர்கள். சாதாரண உயர்நீர் மட்டம் என்று ஒரு கோடு இருக்கிறது, தண்ணீர் ரொம்ப நாள் நின்று அடையாளம் விட்ட இடம், பொதுவாக நீர்ச்செடி முடிந்து தரைச்செடி ஆரம்பிக்கும் வரி. அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் நிலம் மனைக் கணக்கில் வராது. கரை சரிவாக இருந்தால் இதிலேயே சில நூறு சதுர அடி போய்விடும், மனை சுருங்கினால் 25 சதவீதமும் சுருங்கும்.

அப்புறம் ஏற்கெனவே இருப்பதற்கெல்லாம் அனுமதி இருக்கிறதா என்று நகராட்சிக் கோப்பில் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பம் வாங்கிய வீட்டில், முன்னாள் உரிமையாளர் ஒரு சனி ஞாயிறில் ஆள் வைத்துப் போட்ட படகுத் தளம் இருந்தது, அனுமதி கிடையாது. இவர்கள் கொட்டகை போட விண்ணப்பித்தபோதுதான் பழைய வான்படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். தளத்தை உடைத்து அள்ளிப் போடும் செலவு இவர்கள் தலையில். விஸ்கான்சின் பக்கம் வாங்கினால் மணி சொன்ன ஈட்டுத் திட்டம் பத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு வரும், முன்னவர் நடுகிறேன் என்று எழுதிக் கொடுத்த செடியை நீங்கள்தான் காப்பாற்றியாக வேண்டும்.

கரையோரன்:
வாணி அக்கா, நீங்கள் சொன்ன கறுப்பு பிளாஸ்டிக்கைத் தோண்டிப் பார்த்தேன், இருக்கிறது! சர்வேயிலும் அது 180 சதுர அடி என்று தனி வரியாகவே இருக்கிறது. கணக்கு இதோ: வீடும் கராஜும் 2,180, 60 அடி நீள டிரைவ்வே 1,150, கொட்டகை 120, வாசல் நடைபாதை 120, கூழாங்கல் பட்டை 180. மொத்தம் அந்த 3,750தான். இப்போது வேரியன்ஸ் (விதியிலிருந்து விலக்கு) கேட்டுப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். கேட்டால் கிடைக்குமா?

செயின்ட்பால் செந்தில்:
கேளுங்கள், கேட்டால் என்ன போகிறது. கட்டணம்தானே.

வடிகால் வாணி:
கட்டணம் போகும், நேரமும் போகும், ஏமாற்றமும் வரும். மினசோட்டாவில் வேரியன்ஸுக்கு நடைமுறைச் சிரமம் என்று ஒன்றைக் காட்ட வேண்டும். நீங்கள் கேட்பது நியாயமான பயன்பாடாக இருக்க வேண்டும், சிக்கல் உங்கள் மனைக்கே உரியதாகவும் நீங்கள் உண்டாக்காததாகவும் இருக்க வேண்டும், அக்கம்பக்கத்தின் தன்மை மாறக் கூடாது, பணம் மிச்சமாகும் என்பது மட்டும் காரணமாகாது. முன்பு இதைவிடக் கடினமாக இருந்தது. 2010-இல் மினடோங்காவில் ஒருவர் கராஜுக்கு மேல் யோகா அறை கட்டக் கேட்ட வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின் சொற்களை அப்படியே இறுக்கிப் பிடித்துவிட்டது, அந்த நிலத்தை வேறு எந்த நியாயமான வழியிலும் பயன்படுத்த முடியாது என்றால்தான் வேரியன்ஸ் என்று ஆகிப் போனது. ஊர் ஊராக வேரியன்ஸ் நின்று போனதும் 2011-இல் சட்டமன்றம் சட்டத்தைத் தளர்த்தியது. தளர்த்திய பிறகும் சமதளமான, செவ்வகமான, வீடும் கராஜும் ஏற்கெனவே இருக்கிற உங்கள் மனையில் படகுக்குத் தளம் வேண்டும் என்பது நடைமுறைச் சிரமம் ஆகாது. செங்குத்துச் சரிவு, ஏரியும் தெருவும் நெருக்கும் குறுகல் மனை, இவற்றுக்குத்தான் வழி இருக்கிறது.

வேரியன்ஸை மறந்துவிட்டு இடம் பண்ணிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கை உருவினால் 180 மிச்சம், உங்கள் ஊர் ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். டிரைவ்வே 1,150 என்பது 60 அடி நீளத்துக்கு ரொம்பப் பெரிது, எங்கோ அகலப்படுத்தியிருக்கிறார்கள், பாருங்கள்.

மேடிசன் மணி:
இடைவேளைக்கு ஒரு சரித்திரம், செந்திலின் "என் நிலம் என் இஷ்டம்" கட்சிக்காக. விஸ்கான்சினில் இந்தச் சண்டை 1972-லேயே மாநில உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டது. மரினெட் கவுண்டியில் நோக்பே ஏரிக்கரையில் நிலம் வாங்கிய ஒரு தம்பதி, அனுமதி வாங்காமல் சதுப்பில் மணல் கொட்டி மேடாக்கினார்கள். நிலத்தை அதன் இயல்பிலிருந்து மாற்றிப் பொதுத் தண்ணீருக்குக் கெடுதல் செய்யும் உரிமை சொத்துரிமையோடு சேர்ந்து வருவதில்லை என்று தீர்ப்பு. இன்றைக்கும் கரைநில வழக்குகளில் அதைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள்.

ஆனால் செந்தில் கட்சியும் பிறகு ஜெயித்தது. 2015 மாநில பட்ஜெட் மசோதாவுக்குள் ஒரு பிரிவைச் செருகி, எந்தக் கவுண்டியும் என்ஆர் 115-ஐ விடக் கடுமையான கரைநில விதி வைக்கக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். அதுவரை தங்கள் ஏரிகளுக்கு ஏற்றபடி கூடுதல் கட்டுப்பாடு வைத்திருந்த கவுண்டிகள் எல்லாம் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. மினசோட்டாவில் ஊர்கள் இறுக்கிக்கொள்ளலாம், எங்களுக்கு அந்த வழி இல்லை. கரையில் குடியிருப்பவர்களே கூடுதல் கட்டுப்பாடு வேண்டும் என்று கேட்டாலும் கவுண்டி தர முடியாது, அது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

கரையோரன்:
டிரைவ்வேயைப் பார்த்தேன். தெருமுனையில் மூன்றாவது வண்டி நிறுத்த 12-க்கு 25 அடி தனியாகத் தார் போட்டிருக்கிறது, 300 சதுர அடி. அதில் இப்போது வண்டி நிற்பதில்லை, பையன் கூடைப்பந்து வளையத்தை நிறுத்தி வைத்திருக்கிறான். அதை எடுத்துவிட்டால் 3,750-லிருந்து 300-ம் 180-ம் போய் 3,270. பேட்டியோ 320, படகுத் தளம் 360 சேர்த்தால் 3,950. அதாவது 24.7 சதவீதம். இரண்டுமே கிடைக்கிறது! பையனிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

வடிகால் வாணி:
கணக்கு சரி, ஆனால் 50 சதுர அடி ஓரம் என்பது ஓரமே இல்லை. கட்டி முடித்த பிறகு மறு அளவு எடுக்கச் சொல்வார்கள், ஆள் பேட்டியோவை ஒரு கல் வரிசை அகலமாகப் போட்டுவிட்டால் 20 அடிக்கு அங்கேயே சில சதுர அடி போய்விடும். படகுத் தளத்தை 10-க்கு 28 ஆக்குங்கள், 280 போதும், அளந்து பாருங்கள், ட்ரெய்லர் நிற்கும். 3,870-இல் நிற்பீர்கள். பின்னால் கூரையோடு ஒரு சின்ன நடைவழி வேண்டும் என்று தோன்றினால் அதற்கும் கொஞ்சம் இருக்கும்.

பேட்டியோவை வீட்டை ஒட்டி வையுங்கள், ஏரிப்பக்கம் தள்ளாதீர்கள். உங்கள் ஏரி பொது வளர்ச்சி வகை, சாக்கடை இணைப்பும் இருக்கிறது என்றால் கட்டடம் தண்ணீரிலிருந்து தள்ளியிருக்க வேண்டிய மாநில அளவு 50 அடி, அதில் பாதி, அதாவது தண்ணீரிலிருந்து 25 அடி வரை உள்ளதைக் கரைத் தாக்கப் பகுதி என்பார்கள், அங்கே மண்ணைத் தொட்டாலே கேள்வி வரும். இயற்கைச் சூழல் வகை ஏரி என்றால் 150 அடி, அந்தக் கதையே வேறு. பேட்டியோவின் சரிவை ஏரியைப் பார்த்து விடாமல் பக்கவாட்டில் திருப்பி, அந்த மூலையில் மழைத் தோட்டம். ஸ்வாம்ப் மில்க்வீட், ஜோ பை வீட் என்ற செடிகளை நடுங்கள், கால் நனைந்தாலும் சாகாது, மோனார்க் வண்ணத்துப்பூச்சியும் வரும்.

தூண்டில்காரர்:
கரையோரம் புல்லை ஒட்ட வெட்டுவதையும் நிறுத்துங்கள். கனடா வாத்துக்குப் பிடித்ததே ஒட்ட வெட்டிய புல்லும் தடையில்லாத தண்ணீரும்தான், அது போட்டுவிட்டுப் போவதை நீங்கள் பேட்டியோவிலிருந்து கழுவ வேண்டியிருக்கும். இடுப்பளவு செடி இருந்தால் உள்ளே நரி இருக்குமோ என்று பயந்து மேலே ஏறாது. டாக்குக்கு (படகுத்துறைக்கு) போக ஒரு வழி விட்டால் போதும். குளிர்காலத்தில் அந்தப் புதுத் தளத்தில் உப்பை அள்ளி வீசாதீர்கள், ஒரு டீஸ்பூன் உப்பு 5 கேலன் தண்ணீரைக் கெடுக்கும், ஏரிக்குள் போனது வெளியே வராது.

செயின்ட்பால் செந்தில்:
பேட்டியோ கேட்ட மனிதனை உப்பு வரைக்கும் கொண்டுவந்துவிட்டீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன், விண்ணப்பம் போட்டால் எவ்வளவு நாள் இழுப்பார்கள்? கோடை போய்விட்டால் கான்கிரீட் ஆள் கிடைக்க மாட்டான்.

வீட்டுத்தரகர் விஜி:
சாதாரண அனுமதி என்றால் சீக்கிரம் முடிந்துவிடும், கூட்டத்துக்குப் போகும் வேரியன்ஸ் மாதிரி விஷயங்களில்தான் இழுக்கும். அதற்கும் மினசோட்டாவில் 60 நாள் சட்டம் இருக்கிறது. நிலப் பயன்பாட்டு விண்ணப்பத்துக்கு 60 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால் ஒப்புதல் கொடுத்ததாகவே ஆகிவிடும், எழுத்தில் காரணம் சொல்லி இன்னொரு 60 நாள் நீட்டிக்கொள்ளலாம். ஆனால் தாள் குறைகிறது என்று 15 வேலை நாளுக்குள் எழுதி அனுப்பிவிட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும், அதனால் சர்வேயும் இம்பெர்வியஸ் அட்டவணையும் முதல் நாளே முழுதாக இருக்கட்டும். ஒப்பந்தக்காரர் "இதுக்கெல்லாம் அனுமதி வேண்டாம் சார், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள், அப்புறம் அவர் போனையே எடுக்க மாட்டார். போட்டுவிட்டுப் பிறகு அனுமதி கேட்டால் பல ஊர்களில் கட்டணம் இரட்டிப்பு.

கரையோரன்:
நன்றி எல்லோருக்கும். 10-க்கு 28 வரைந்து பார்த்தேன், ட்ரெய்லரின் நாக்கு மட்டும் ஓர் அடி புல்லில் நிற்கிறது, பரவாயில்லை. பிளாஸ்டிக்கை எடுத்தால் கழிப்பார்களா என்று நகராட்சிக்கு எழுதியிருக்கிறேன், பதில் வந்ததும் போடுகிறேன்.

செயின்ட்பால் செந்தில்:
என் கருத்தில் மாற்றம் எதுவும் இல்லை, விதி இன்னும் மொண்ணைதான், வாணியே ஒத்துக்கொண்டுவிட்டார். இருக்கட்டும், உங்கள் சர்வேயர் யார்? எண் இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள், என் தம்பி வீட்டிலும் சுவரை ஒட்டிக் கூழாங்கல் கிடக்கிறது.